நெப்போலியன் திறந்த வாயிலும் அடைத்த வாயிலும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியனது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் வென்ற போர்களை அடுக்கிக் காட்டுதல் எம் கருத்தன்று. தம் திறமையால் உயர்ந்த ஒருவர், உயர்ந்த பின்னர்ப் பிறர்க்கு என் செய்தார் என்பதே யாம் ஆராயக் கருதியது.

1769ஆம் ஆண்டு கார்சிகாத் தீவிலுள்ள அஜாக்சியோ நகரில் அவர் பிறந்தார். அத்தீவு பிரான்சின் கைக்கு வந்தது அதற்கு முந்திய ஆண்டிலேயாம். குடும்பமோ பெயரளவில் பிரபுக் குடும்பம், பொருளோ குறைவு. அரசாங்க உபகாரச் சம்பளத்தாலே பிரியேன் இராணுவப் பள்ளியிற் பயின்றார். பிரெஞ்சு மொழி அவர்க்குத் தாய்மொழியன்று. எனினும் கணிதத்திலும் வரலாற்று நூல்களிலும் மனத்தைப் பதித்து, 16ஆம் வயதிற் பீரங்கிப் படையில் உத்தியோகம் பெற்றார்.

பழைய ஆட்சி நிலைத்திருப்பின் அவர் சிறு பதவியோடே நின்றிருத்தல் கூடும். படையின் உயர்பதவிகள் பெரும்பாலும் பெருங்குடிப் பிறந்தார்க்கே உரியவாயிருந்தன. 1789ஆம் ஆண்டுப் புரட்சி அவ்வேலியைத் தகர்த்தது. 1793இல் தூலோன் துறைமுகத்தை மீட்பதில் திறங்காட்டி, 24 வயதிலே தளபதியானார். 1799இல் ஆட்சியைக் கைப்பற்றினார். 1804 டிசம்பர் 2ஆம் நாள் பாரிஸில் முடி புனைந்தார்.

தாம் நுழைந்த வாயிலைப் பிறர்க்கும் அவர் திறந்து வைத்தார். விடுதிக்காரர் மகனான முரா நேப்பிள்ஸ் நாட்டு அரசரானார். பீப்பாய் செய்வோர் மகனான நே மார்ஷல் பதவி பெற்றார். 1802இல் லிசே என்னும் உயர்பள்ளிகள் நிறுவப்பெற்றன. 1804இல் வெளிவந்த சிவில் சட்டம், ஆடவர் யாவரும் சட்டத்தின் முன் ஒருநிகர் என வகுத்தது.

ஆனால் அன்பர்காள்! அவ்வாயிலை அவரே அடைத்ததும் உண்டு. தம் உடன்பிறந்தாரை ஸ்பெயின், ஹாலந்து, வெஸ்ட்பாலியா நாடுகட்கு அரசராக்கினார். 1808இற் புதிய பிரபுப் பட்டங்களை ஏற்படுத்தினார். அவரது சட்டம் மனைவியைக் கணவனுக்குக் கீழ்ப்படுத்தியது. 1794இற் புரட்சியரசு ஒழித்த அடிமைமுறையைக் குடியேற்ற நாடுகளில் 1802இல் மீண்டும் நிலைநாட்ட முற்பட்டார். முன்னாள் அடிமையும் மக்கள் தலைவருமாகிய தூசான் லூவெர்த்தூர் பிரான்சிலே சிறையிருந்து 1803இல் மாண்டார். அவர் நாட்டு மக்களோ பிரெஞ்சுப் படையை முறியடித்து, 1804 ஜனவரி 1ஆம் நாள் ஹைத்தி என்னும் சுதந்தர நாட்டை அமைத்தனர்.

வாளால் ஈட்டியது நில்லாது போயிற்று. 1812இல் ருஷியாவிற் பெரும்படை அழிந்தது. 1815இல் வாட்டர்லூவில் வீழ்ச்சி. 1821இற் செயிண்ட் ஹெலினாத் தீவிலே மரணம். அவர் இயற்றுவித்த சட்டமோ பல திருத்தங்களுடன் பிரான்சில் இன்றும் வழங்குகின்றது. நமக்கு அணித்தாகிய புதுச்சேரிக்கும் அது வந்தது. ஆங்கு 1881ஆம் ஆண்டு ஆணையொன்றால், விரும்பினோர் தம் குலவழக்கைத் துறந்து அச்சட்டத்தின்கீழ் வர இடமுண்டாயிற்று.

இவ்வரலாற்றால் யாம் உணர்வது ஒன்றே. ஏணியில் ஏறினோர்க்கு அதனை மேலே இழுத்துக்கொள்ளும் ஆசை எளிதில் எழும். சங்கத்தின் பொருளுதவியாற் கற்று உயர்ந்தோர் நம்முள்ளும் உளர். அவர்கள் தம் மைந்தர்க்கு மட்டுமன்றி, ஏழை வீட்டுப் பெண்மக்கட்கும், நம்மினும் ஒடுக்கப்பட்டோர் மக்கட்கும் அவ்வேணியைத் தாங்கி நிற்றல் வேண்டும். முடியினும் நெடிதுநாள் நிற்பது அதுவே என்று கூறி அமைகின்றோம்.