வியாசர்பாடியைக் கேட்டது யார்?

வாசகர் வட்டத்துத் தோழர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரே, பிள்ளையை மடியில் தூங்கவைத்துக்கொண்டு கேட்கும் தாய்மாரே!

'கல்விக் கொள்கையும் ஆலோசகர்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீசைப் படித்துவிட்டு வாசலில் ஒரு தம்பி கேட்டான்: "அதுக்கும் நமக்கும் இன்னா சார் சம்பந்தம்?" அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நம்ம ஸ்டேஷனுக்கு வியாசர்பாடி ஜீவா என்று பெயர். அந்த ஜீவா, தோழர் ப. ஜீவானந்தம், 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டையில் நின்று, தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டு, சட்டசபைக்குப் போனவர். அந்தத் தேர்தலுக்குப் பிறகு முதலமைச்சர் ஆனவர் ராஜாஜி. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார், அந்த வழியாக வந்தார். அறிவாளி, சந்தேகமில்லை. 1953-இல் அந்த அறிவாளி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பாடம். மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். துணி வெளுப்பவர் மகன் வெள்ளாவி அடுப்புக்குப் போக வேண்டும், செருப்புத் தைப்பவர் மகன் ஊசியைப் பிடிக்க வேண்டும். கோப்பில் அதற்கு அழகான பெயர் இருந்தது. ஜனங்கள் வைத்த பெயர் குலக்கல்வி.

சட்டசபையில் அதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் வந்தது. ஓட்டு 138-க்கு 138. கடைசியில் திட்டத்தை நிறுத்திவைத்து, நிபுணர்களைக் கேட்போம் என்று முடிவானது. பருலேகர் தலைமையில் குழு போட்டார்கள். நிபுணர் குழு என்ன சொன்னது தெரியுமா? திட்டம் சரியானதுதான் என்றது!

(ரயில் போகட்டும். ஜீவா பெயரைச் சொன்னதும் அவரே வந்துவிட்டார் போலிருக்கிறது.)

சரி. நிபுணர்கள் சரி என்றார்கள், ஜனங்கள் ஆகாது என்றார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்த அடுத்த மாதமே திட்டத்தைக் குப்பையில் போட்டார். அன்றைக்குப் பருலேகர் அறிக்கை ஜெயித்திருந்தால் இந்த மைக்கின் முன்னால் நான் நின்றிருப்பேனா?

அதனால் ஓட்டு வாங்காதவன் வாயே திறக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காமராஜர் பக்கத்தில் நெ.து. சுந்தரவடிவேலு இருந்தார். கல்வித்துறை இயக்குநர், ஒரு ஓட்டும் வாங்காதவர். 1956-இல் வந்த மதிய உணவுத் திட்டத்துக்கு உழைத்தவர் அவர். பள்ளிக்குக் கூரையும் பெஞ்சும் கேட்டு ஊர் ஊராக மாநாடு நடத்தியவரும் அவர்தான். அவர் யோசனை சொன்னார் என்றால், அதற்குப் பொறுப்பேற்று ஜனங்கள் முன்னால் நின்றவர் காமராஜர். யோசனை தப்பாகப் போயிருந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது போதும்.

இப்போது அது தெரிகிறதா? 2011-ஐ நினைத்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடத்திட்டம் என்று வந்த சமச்சீர் கல்விப் புத்தகம் தரமானதா என்று பார்க்க ஒரு குழு. அதில் பெரிய தனியார் பள்ளிகளை நடத்துகிறவர்களும் உறுப்பினர்கள்! மளிகைக் கடைக்காரரிடம் ரேஷன் அரிசி நல்லதா என்று கேட்ட கதைதான். கடைசியில் ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் பத்து நாளில் அமல்படுத்து என்று சொன்ன பிறகே பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. ஜூனிலேயே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அதுவரை என்ன படித்தார்கள் என்று எந்தக் குழு பதில் சொன்னது?

2019-இல் தேசியக் கல்விக் கொள்கைக்குக் கஸ்தூரிரங்கன் குழுவின் வரைவு வந்தது. ராக்கெட் விட்ட பெரிய மனிதர், மரியாதை உண்டு. 484 பக்கம். முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். எருக்கஞ்சேரி ஹைரோட்டில் லோடு இறக்குகிறவர் எந்த மொழியில் படித்து, எங்கே போய்க் கருத்துச் சொல்வார்? தமிழ்நாடு கொதித்த பிறகு, இந்தி பேசாத மாநிலத்திலும் இந்தி படிக்கச் சொன்ன வரியைச் சில நாளிலேயே மாற்றினார்கள். அந்த வரியை முதலில் எழுதியது எந்தக் கை?

அதே வருஷம் இங்கே ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. கண்ணதாசன் நகரில் ஒரு அம்மா என்னை நிறுத்திக் கேட்டார். மீன் கூடையை இடுப்பில் வைத்தபடி, "சார், அஞ்சாங்கிளாசுல என் பொண்ணு ஃபெயிலாயிட்டா அவளை எங்க சார் வெச்சிக்குவாங்க? ஊட்ல வெச்சிக்கச் சொல்லுவாங்களா?" என்றார். 484 பக்கத்துக்கும் சேர்த்து அந்த ஒரு கேள்விதான் விமர்சனம். 2020 பிப்ரவரியில் அந்தத் தேர்வை ரத்து செய்தார்கள்.

நம்ம மாநிலத்துக்கென்று தனிக் கல்விக் கொள்கை எழுத 2022-இல் நீதிபதி முருகேசன் தலைமையில் ஒரு குழு. நல்ல காரியம். ஆனால் அடுத்த வருஷமே அதன் ஒருங்கிணைப்பாளர் ஜவகர்நேசன், அதிகாரிகள் தலையிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். தலைவர் அதை மறுத்தார். 2024 ஜூலையில் அறிக்கை முதலமைச்சர் கைக்குப் போனது. கொள்கை வெளியானது 2025 ஆகஸ்டில். நடுவில் ஒரு வருஷம். எந்த வரி நின்றது, எந்த வரி போனது, அடித்தது யார் பேனா என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டா இல்லையா? யார் ஆண்டாலும் இதைக் கேட்கத்தான் வேண்டும்.

இதற்கு நாம் கோட்டைக்குப் போக வேண்டியதில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அங்கே என்ன நடக்கிறது? தீர்மான நோட்டு கைமாறி வரும். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா முனையை வைத்துக் காட்டுவார்கள். "இங்க போடும்மா, டைமாச்சு." போட்டுவிட்டுச் சோறாக்க ஓடுகிறோம். நானும் அப்படிப் போட்டவன்தான், வெட்கத்தோடு சொல்கிறேன்.

தாய்மாரே, அடுத்த கூட்டத்தில் நோட்டை உங்கள் பக்கம் திருப்புங்கள். மேலே எழுதியிருப்பதை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். கழிப்பறைக் கதவு, வராத கணக்கு டீச்சர், புதிய தேர்வு, எதுவானாலும் உங்கள் வார்த்தையில் ஒரு வரி அதில் ஏறட்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.