முழு வேதத்தையும் பிரசங்கியுங்கள்



இன்று இறையியல் பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, கள்ளப் போதகம் வேறொரு புத்தகத்தோடு வரும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் அது நம் வேதாகமத்தோடுதான் வரும். சில பக்கங்கள் மட்டும் குறைந்திருக்கும்.

இரண்டாம் நூற்றாண்டில் கருங்கடல் கரையிலிருந்து ரோமுக்கு வந்தார் மார்சியோன். கப்பல் முதலாளி. ரோமச் சபைக்கு 2,00,000 செஸ்தர்ஸ் நாணயம் காணிக்கை கொடுத்தவர். பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்தார். லூக்காவையும் பவுலின் 10 நிருபங்களையும் வைத்துக்கொண்டு, அவற்றிலும் ஒவ்வாததை வெட்டினார். கி.பி. 144 வாக்கில் சபை அவரை விலக்கியது. பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இன்று வெட்டுவது வேறு விதமாக நடக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 பலருடைய கைக்கும் வரும். அதற்குமுன் பாபிலோனில் 70 வருஷம் ஆகும் என்று சொல்லும் 10ஆம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. முந்திய அதிகாரத்தைப் புரட்டுங்கள். பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் 2 வருஷத்தில் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் நின்று, கர்த்தரின் பெயராலேயே சொன்னான் கள்ளத் தீர்க்கதரிசி அனனியா. அப்படியே ஆகட்டும் என்று எரேமியாவும் ஆமென் சொன்னார், அவருக்கும் ஆசைதான். ஆனாலும் ஆசையைப் பிரசங்கிக்கவில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதி அனுப்பினார்.

நாளை உங்கள் சபையில் புற்றுநோயோடு ஒரு தாய் படுத்திருப்பார். விசுவாசம் போதாததால்தான் சுகமாகவில்லை என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் பக்கத்தில் உட்கார யோபுவும் புலம்பலும் உங்களுக்கு வேண்டும். சுகத்துக்காக ஜெபியுங்கள், அவர்மேல் குற்றம் சுமத்தாதீர்கள்.

எதுவும் விடுபடாதிருக்க, வேதாகமத்தின் ஒரு புத்தகத்தை எடுத்தால் அதிகாரம் அதிகாரமாகப் பிரசங்கியுங்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தில் பார்த்துச் சரிபார்த்தார்கள். உங்களைக் கேள்வி கேட்கும் வாலிபரைக் கலகக்காரர் என்று ஒதுக்காதீர்கள். தவறாகப் போதிப்பவரிடமும் சாந்தமாகப் பேசுங்கள். மேடையில் திட்டுவது எளிது, திருத்துவதுதான் ஊழியம்.

பெரிய காணிக்கை கொடுப்பவர் பிரசங்கத்தில் எதை விட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினால், காணிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.