மீட்டர் நம்ம வீட்டில், கணக்கு யார் கையில்?

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரச் சிறு விவசாயிகளுக்கான விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

"சேத்துல நிக்கிறவனுக்கு மீட்டர் ஆராய்ச்சி எதுக்குய்யா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

நம்ம வட்டாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இடமெல்லாம் மனைப் பிரிவு ஆகிவிட்டது. மிச்சம் இருக்கிற நாம் பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர் பக்கம் கீரை, காய்கறி, கொஞ்சம் நெல், நாலு மாடு என்று காலம் தள்ளுகிறோம். நம்மில் பலருக்கு வயலில் ஒரு பம்புசெட்டு சர்வீஸ், குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு சர்வீஸ். சிலர் ரெண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தால் அதற்கு ஒன்று. ஆகவே கரண்டு விஷயத்தில் எந்தப் பக்கம் மாற்றம் வந்தாலும் அது நம்ம வாசலைத் தொடாமல் போகாது.

இப்போது வரப்போவது ஸ்மார்ட் மீட்டர். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒரு மின் பகிர்மானத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மொத்த மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர், அதுவும் முன்கூட்டியே பணம் கட்டுகிற பிரீபெய்டு முறையில். தமிழ்நாட்டில் தி.நகர் பகுதியில்தான் முதலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மீட்டர்களைப் பொருத்தினார்கள். மாநிலம் முழுவதற்கும் விட்ட டெண்டர் விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்து செய்யப்பட்டது. ரத்தானது டெண்டர்தான். திட்டம் போய்விட்டது என்று யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

சரி, இந்த மீட்டர் என்ன செய்யும்?

இப்போது ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வருகிறார், அட்டையில் எழுதுகிறார், போகிறார். வருசத்துக்கு ஆறு கணக்கு. ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிடத்துக்கோ 30 நிமிடத்துக்கோ ஒருமுறை கணக்கு எடுக்கும். அரை மணிக்கு ஒன்று என்றாலே ஒரு நாளைக்கு 48, வருசத்துக்கு 17,520 கணக்கு. எத்தனை யூனிட் ஓடியது, வோல்டேஜ் எவ்வளவு, கரண்டு எப்போது போனது, எப்போது வந்தது என்று எல்லாம் ரேடியோ அலை வழியாகவோ செல்போன் டவர் வழியாகவோ ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே இருந்தபடியே நம்ம வீட்டு லைனைத் துண்டிக்கவும் முடியும்.

ஆறு கணக்கு வைத்துக்கொண்டு நம்ம குடும்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பதினேழாயிரம் கணக்கு கையில் இருந்தால் நிறைய சொல்லலாம். பிரிட்ஜ் விட்டு விட்டு ஓடும், அதற்கு ஒரு தடம் உண்டு. ஒரு ஹெச்.பி. மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய அரை யூனிட் ஏறும், அது தனியாகத் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு மாட்டுக் கொட்டகையில் லைட் எரிகிறதா, பத்து நாள் வீட்டில் ஆளே இல்லையா, புதுசாக ஏ.சி. வாங்கினார்களா, எல்லாம் கணக்கில் விழும். மொத்தக் கணக்கை வைத்தே வீட்டில் என்னென்ன சாமான் ஓடுகிறது என்று பிரித்துச் சொல்கிற வழியை அமெரிக்காவில் 1980-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

நாங்கள் இதை வேண்டாத வேலை என்று சொல்லவில்லை. நல்ல ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மதுரா, பரேலி என்ற ரெண்டு ஊர்களில், டெல்லியில் உள்ள சி.இ.இ.டபிள்யூ. என்ற ஆய்வு நிறுவனம் வீடுகளில் மீட்டர் வைத்துப் பார்த்தது. மக்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதோடு, எத்தனை மணி நேரம் கரண்டு வந்தது, வோல்டேஜ் ஒழுங்காக இருந்ததா என்பதும் அதில் தெரிந்தது. புனேயில் உள்ள பிரயாஸ் என்ற அமைப்பு 2007 முதல் வோல்டேஜைப் பதிவு செய்கிற சின்னக் கருவியைப் பல ஊர்களில் வைத்து, நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு எடுத்து வெளியிட்டது. மின்வாரியம் சொல்கிற சப்ளை ஒன்று, வீட்டுக்கு வந்து சேர்கிற சப்ளை இன்னொன்று என்று ஊருக்குக் காட்டுவதற்கு இதைவிடச் சாட்சி வேறு எது?

இங்கேதான் நமக்கு விஷயம் இருக்கிறது. வீட்டு லைனில் 230 வோல்ட் வர வேண்டும். ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216-க்குக் கீழே இறங்கக் கூடாது. சாயந்திரம் ஆனால் நம்ம ஊர்க் கடைசி வீட்டில் பல்பு மினுக்கு மினுக்கு என்கிறது. மோட்டார் காயில் எரிந்தால் கட்டுகிற செலவு நம்ம தலையில். போய்ச் சொன்னால், "லோ வோல்டேஜ்னு எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள். ஸ்மார்ட் மீட்டரில் அந்தச் சாட்சி இருக்கிறது. நம்மைப் பார்க்கிற அதே மீட்டர் சப்ளை கொடுக்கிறவரையும் பார்க்கிறது. அந்தக் கணக்கு நம்ம கைக்கு வர வேண்டும்.

பில்லையும் பாருங்கள். 2022 செப்டம்பர் கட்டண ஆணையில், ரெண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 25 காசு. 500-ஐத் தாண்டினால் அதே யூனிட் 4 ரூபாய் 50 காசு. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறவில்லை, கீழே உள்ளதற்கும் ஏறியது. ஒரு நாளைக்கு எட்டே கால் யூனிட் ஓடுகிற வீடு என்று வையுங்கள். 60-ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 495. ஆள் மூணு நாள் தாமதமாக வந்தால் 520-ஐ நெருங்கிவிடும். தாமதம் அவர்களுடையது, பணம் நம்முடையது. குறித்த தேதியில் தானாகக் கணக்கு விழுந்தால் இந்த அநியாயம் தீரும். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்ற 2021 தேர்தல் வாக்குறுதிக்கும் வழி பிறக்கும்.

நல்லது இவ்வளவு இருக்கும்போது பயம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

முதலாவது, துண்டிப்பு. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவறான கட்டளை போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் கரண்டு நின்றது. பணம் கட்டியவன், கட்டாதவன் என்ற பேதமே இல்லை. இன்றைக்கு லைன்மேன் வந்தால் வாசலில் நின்று, "அண்ணே, ரெண்டு நாள் பொறுங்க, கீரைக் காசு வந்ததும் கட்டிடறோம்" என்று கேட்கலாம். கம்ப்யூட்டரிடம் யார் போய்க் கேட்பது? பிரீபெய்டு என்றால் கையில் காசு இருக்கும்போதுதான் விளக்கு. நமக்குக் காசு வருவது அறுவடைக்கு அறுவடை.

இரண்டாவது, நேரத்துக்கு ஒரு விலை. 2023 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. உச்ச நேரத்தில் கட்டணம் 10 சதவீதமாவது கூடுதல், வெயில் நேரத்தில் 20 சதவீதமாவது குறைவு. விவசாய இணைப்புக்கு இதில் விலக்கு உண்டு, ஆனால் விவசாயி வீட்டுக்கு விலக்கு இல்லை. பகலெல்லாம் வயலில் கிடக்கிறவன் வீட்டில் கிரைண்டரும் மிக்சியும் ஓடுவது விடிகாலையிலும் விளக்கு வைத்த பிறகும்தான். அந்த நேரத்தை எப்படி மாற்றுவது?

மூன்றாவது, நம்ம பிழைப்பு. வீட்டுக் கரண்டில்தான் தீவனம் வெட்டும் மெஷினைப் போடுகிறோம், கொல்லைக் கீரைக்கு அரை ஹெச்.பி. மோட்டாரில் தண்ணீர் விடுகிறோம். யாரோ ஒருவர் கணக்கைப் பார்த்துவிட்டு, "இது வீட்டு உபயோகம் மாதிரித் தெரியலையே, வியாபாரக் கட்டணம் போடு" என்று நாளைக்குச் சொன்னால்? ஆராய்ச்சிக்கு என்று எடுத்த கணக்கு அபராதத்துக்குப் போகக் கூடாது.

நான்காவது, இலவச மின்சாரம். அது யாரும் போட்ட பிச்சை கிடையாது. பைசா கணக்கில் ஏறிய மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு காலத்தில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் மாண்டார்கள். 1972-லும் பல உயிர்கள் போயின. அந்த ஜூலை 5-ஐத்தான் வருசா வருசம் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறோம். அதற்கு அப்புறம்தான் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. இன்று சுமார் 23 லட்சம் பம்புசெட்டுகள் அதில் ஓடுகின்றன. 2020-இல் வந்த மின்சாரச் சட்டத் திருத்த வரைவு, மானியத்தை வங்கிக் கணக்கில் போடுகிறோம், முதலில் முழுக் கட்டணத்தையும் கட்டு என்ற பாதையைக் காட்டியது. டெல்லி எல்லையில் விவசாயிகள் வைத்த கோரிக்கைகளில் அதைக் கைவிடுவதும் ஒன்று. ஸ்மார்ட் மீட்டர் திட்டத்தில் இன்றைக்கு விவசாய இணைப்புக்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கைக் கண் கொத்திப் பாம்பாகக் காவல் காக்க வேண்டும்.

அப்படியென்றால் விவசாய மின்சாரத்துக்குக் கணக்கே வேண்டாமா? வேண்டும். எத்தனை ஹெச்.பி. மோட்டார் என்பதையும், மாதிரிக்குப் பொருத்திய சில மீட்டர்களையும் வைத்துத்தான் இதுவரை மதிப்பீடு செய்து வந்திருக்கிறார்கள். லைனில் வீணாகிற கரண்டையும் திருட்டையும் விவசாயி தலையில் கட்டுகிறார்கள் என்ற புகார் பல மாநிலங்களில் உண்டு. டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மீட்டர் வைத்து, அந்தக் கணக்கை ஊரறிய வெளியிடட்டும். எவன் வீட்டையும் எட்டிப் பார்க்காமலே உண்மை தெரியும். ஊர்க் கணக்கு ஊருக்கு, வீட்டுக் கணக்கு வீட்டுக்கு. இதுதான் நம்ம நிலைப்பாடு.

வெளிநாட்டிலும் இதே வழக்குதான். நெதர்லாந்தில் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் சட்டம் 2009-இல் மேலவையில் நிறைவேறவில்லை, வீட்டு ரகசியம் போகும் என்பது முக்கியக் காரணம். பிறகு மக்கள் விருப்பப்படி என்று மாற்றினார்கள். இங்கிலாந்தில் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கணக்கு எடுப்பது என்பதில் வீட்டுக்காரருக்குத் தேர்வு உண்டு. அமெரிக்காவில் 2018-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், 15 நிமிடக் கணக்கு எடுப்பது வீட்டுக்குள் சோதனை போடுவதற்குச் சமம் என்றது. மின் நிர்வாகத்துக்காக எடுப்பதால் அனுமதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நம்ம நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். கோட்டு சூட்டு போட்டவனுக்கு மட்டுமா அந்த உரிமை? கோவணம் கட்டியவனுக்கும் உண்டு.

எனவே நம்ம கோரிக்கைகள்:

1. பில் போடுவதற்குத் தேவையான கணக்கை மட்டும் கட்டாயமாக எடு. 15, 30 நிமிடக் கணக்கை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதானால் வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும்.

2. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் கணக்கில் பெயர், சர்வீஸ் நம்பர் இருக்கக் கூடாது. அதை வைத்து அபராதம் போடவோ, கட்டண வகையை மாற்றவோ, மானியத்தை வெட்டவோ கூடாது.

3. மீட்டர் பொருத்தும் கம்பெனி நம்ம கணக்கை யாருக்கும் விற்கக் கூடாது.

4. பிரீபெய்டு முறையை விவசாயக் குடும்பங்கள் மேல் திணிக்காதே. முன்னறிவிப்பு இல்லாமல் தூரத்தில் இருந்து துண்டிக்காதே.

5. வோல்டேஜ் கணக்கையும் கரண்டு போன நேரத்தையும் நுகர்வோருக்கு மாதந்தோறும் கொடு. எரிந்த மோட்டாருக்கு அதைச் சாட்சியாக ஏற்றுக்கொள்.

6. டிரான்ஸ்பார்மர் வாரியான கணக்கைப் பகிரங்கமாக வெளியிடு.

7. பம்புசெட்டு இணைப்புக்கு உள்ள விலக்கைச் சட்டத்திலேயே எழுது.

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ஒன்றும் நடக்காது. நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள். ரீடிங் எடுத்த தேதி, யூனிட், கரண்டு போன நேரம் எழுதி வையுங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டால், நாள் ஒன்றுக்கு ஒருமுறையாவது கணக்கு எடுத்து நமக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது 2023 திருத்த விதி. கேட்டு வாங்குங்கள். கணக்கில் சந்தேகம் என்று புகார் கொடுத்தால், ஐந்து நாளைக்குள் இன்னொரு மீட்டர் வைத்துக் குறைந்தது மூன்று மாதம் சரிபார்க்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரி திருத்தம். தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு மேலே மின்சாரக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். புகாரை எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். வாய்ப் பேச்சு காற்றோடு போகும்.

பூந்தமல்லி ஒன்றிய ஊராட்சிகளில் இருப்பவர்கள் வருகிற கிராம சபையில் இந்த ஏழு கோரிக்கைகளையும் தீர்மானமாக்குங்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. நீங்கள் கையெழுத்து வாங்கிச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்கள் கருத்துக் கேட்கும்போது மொத்தமாகக் கொண்டுபோய் வைப்போம். வாடகைக் குடித்தனக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் வீட்டு விளக்கும் இதே மீட்டரில்தான் எரிகிறது.

களத்து மேட்டில் நெல்லை அளக்கும்போது மரக்காலைப் பிடிப்பவன் ஒருவன், எண்ணிக்கை சொல்பவன் ஒருவன், பக்கத்தில் நின்று பார்ப்பவன் நிலத்துக்காரன். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்திலும் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

எங்கள் வீட்டுக் கணக்கு எங்களுக்கே சொந்தம்!
சம்மதம் இல்லாமல் தொடாதே!
இலவச மின்சாரத்தில் கை வைக்காதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!