தாராவிப் பிள்ளைகள் கட்டும் இணையதளம்



பிள்ளைகளை ஒரு கைப்பேசிச் செயலிக்குக் கொண்டுபோன குழாயடியில் இருந்தே தொடங்குகிறேன். நம் தாராவியில் நயா நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே நவ்நீத் ரஞ்சன் என்ற ஆவணப்பட இயக்குநர், ‘தாராவி டைரி’ என்ற பெயரில் பெண்பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2015 வாக்கில் அந்தப் பிள்ளைகள் தாங்களே கைப்பேசிச் செயலிகளை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ‘ஆப் இன்வென்டர்’ என்ற கருவி அவர்களுக்குக் கைகொடுத்தது. அதில் கட்டளைகள் வண்ணக் கட்டங்களாக இருக்கும். இழுத்துப் பொருத்தினால் செயலி தயாராகிவிடும்.

என்ன செயலி செய்தார்கள் தெரியுமா? ஒன்று, ஆபத்தில் இருக்கும் பெண்ணின் கைப்பேசி அலறவும், அவள் இருக்கும் இடம் வேண்டியவர்களுக்குத் தெரியவும் வழி செய்தது. இன்னொன்று வீட்டில் இருந்தே படிக்க உதவியது. மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. அதன் பெயர் ‘பானி’. பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க யார் முறை எப்போது வரும் என்று கைப்பேசியிலேயே சொல்லும் செயலி. குடத்தை வைத்துவிட்டுக் காத்துக் கிடந்து பள்ளிக்கு நேரம் கழித்துப் போகிற பிள்ளைக்குத்தானே அந்த யோசனை வரும்!

ஒரு வரிசையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் எத்தனை கேள்விகளுக்கு விடை வேண்டும், எண்ணிப்பாருங்கள். முதலில் வந்தவர் பாதியில் போய்விட்டால் அவர் இடம் யாருக்கு? கைக்குழந்தைக்காரிக்கு முன்னுரிமை உண்டா? ஒரு வீட்டுக்கு எத்தனை குடம்? இவற்றை முடிவு செய்யாமல் ஒரு கட்டத்தைக்கூடப் பொருத்த முடியாது. குடிமையியல் பாடப்புத்தகத்தில் ‘சமத்துவம்’ என்று ஒரு வரியில் கடந்துபோகிற விஷயத்தை, அந்தப் பெண்கள் உட்கார்ந்து வாதாடித் தீர்க்க வேண்டியிருந்திருக்கும். இதைவிட நல்ல பாடத்தை நான் வகுப்பில் நடத்தியதில்லை.

அவர்கள் செயலி செய்தார்கள். நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இணையதளம் கட்டட்டும் என்று கேட்கத்தான் இந்த மேடைக்கு வந்தேன். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. அந்தத் தமிழ்ப் பள்ளியில் ஒரு பிள்ளை கட்டுரை எழுதினால் அதைப் படிப்பவர் ஒரே ஒருவர், சிவப்புப் பேனாவோடு இருக்கிற ஆசிரியர். மதிப்பெண் போட்டதும் நோட்டு மூடிவிடும். அதே கட்டுரை இணையப் பக்கமாக வெளிவந்தால், திருநெல்வேலியில் இருக்கிற சித்தப்பா படிப்பார், டிராம்பே சீட்டா கேம்ப்பில் இருக்கிற அத்தை படிப்பார். “இது தப்பு, உன் தாத்தா அந்த வருஷம் மும்பைக்கு வரவில்லை” என்று போன் வரும். அந்த போனுக்காக அந்தப் பிள்ளை ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை பார்க்கும். லகரமும் ளகரமும் தன்னால் இடம்பிடிக்கும். சீமோர் பேப்பர்ட் என்ற கல்வியாளர் 1980இல் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூலை எழுதினார். பிறர் பார்க்கும்படி ஒன்றைச் செய்துகாட்டும்போதுதான் படிப்பு ஆழமாக இறங்கும் என்பதை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர் அவர்.

எதைப் பற்றி எழுதுவது? தோல் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவனாருக்குப் போனது. அதனால் தோல் வருகிற பாதை எப்படி மாறியது, எந்தப் பட்டறை மூடியது, எந்தக் குடும்பம் பை தைக்கப் போனது? இந்தக் கதைகள் பெரும்பாலும் பாட்டிமார் நினைவில்தான் இருக்கின்றன. இப்போது தாராவி மறுசீரமைப்பு வேலை நடக்கிறது. வீடுகள் கைமாறும், சந்துகள் இல்லாமல் போகும். அதற்கு முன் நம் பிள்ளைகள் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருக்கிறது.

“இப்போது எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே எழுதித் தந்துவிடுமே, பிள்ளை என்ன கற்கும்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. திருக்குறளைப் பற்றிக் கேட்டால் எழுதித் தரும். தாராவி 90 அடி சாலையில் விடியற்காலையில் இட்லிப் பானை ஏற்றுகிற அக்கா, ஆவி பட்டுச் சிவந்த கையோடு என்ன சொன்னார் என்பதை அது எங்கே போய்க் கேட்கும்? பிள்ளைதான் போய்க் கேட்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சாதீர்கள். எளிய ஹெச்.டி.எம்.எல். பக்கத்தை நோட்பேடிலேயே எழுதலாம். கட்டும்போது இணைய இணைப்புகூடத் தேவையில்லை. நாலு பிள்ளைக்கு ஒரு பழைய லேப்டாப் போதும். ஒருத்தி பேட்டி எடுப்பாள், ஒருவன் தட்டச்சு செய்வான், ஒருவன் படம் வரைவான், இன்னொருத்தி பிழை பார்ப்பாள். அடுத்த பக்கத்துக்கு வேலையை மாற்றிக்கொள்ளட்டும்.

கண்டிப்பாக மூன்று காரியம் செய்ய வேண்டும். பிள்ளைகளின் முகம், வீட்டு முகவரி, போன் எண் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பேட்டி கொடுத்தவருக்கு முதலில் படித்துக்காட்டி, அவர் சரி என்ற பிறகே வெளியிட வேண்டும். அடுத்தது, பிரதி. 1996இல் தொடங்கிய ‘திங்க்குவெஸ்ட்’ என்ற போட்டிக்காக உலகமெங்கும் மாணவர்கள் பாட இணையதளங்களைக் கட்டினார்கள். 2013இல் அதை மூடியபோது பிள்ளைகளின் உழைப்பும் அந்தத் தளத்திலிருந்து போய்விட்டது. அதனால் நம் பக்கங்களின் நகல் பள்ளியில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, பிள்ளையின் வீட்டில் பென்டிரைவில் ஒன்று இருக்க வேண்டும்.

மாட்டுங்கா, செம்பூர்ப் பெரியவர்களே, வங்கியிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் உங்களில் பலர். உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கேட்கிறேன். ஒரு பிள்ளை எழுதியதை உட்கார்ந்து படித்து, “இது எனக்குப் புரியவில்லை, இந்த வருஷம் எப்படித் தெரியும்?” என்று கேட்க ஆள் வேண்டும். சயான் ஸ்டேஷனில் இறங்கினால் தாராவி பக்கம்தான். வாசலில் மேசை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது பெயரையும், எந்த சனிக்கிழமை வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.