எந்தப் புத்தகத்துக்கும் சொந்தபந்தம் உண்டு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றான நூல் அமர்வில் ஆற்றிய உரை)



அதிபர் அவர்களே, எனக்குப் படிப்பித்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியைகளே, ராத்தாமாரே, தங்கைமாரே,

இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஒலிவாங்கியின் முன் நின்றது உயர்தர வகுப்பில், ஒரு பேச்சுப் போட்டிக்காக. பாதியில் பேச்சு மறந்து போய், அழுதுகொண்டு இறங்கினேன். அந்த அனுபவத்தால் இன்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன்.

சங்கச் செயலாளர் என்னிடம் சொன்னார்: "நம்மட பிள்ளைகள் பலபேர் எழுதி எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் புத்தகமாக்கும் வழியைச் சொல்லித் தாங்க." நான் ஒரு வைத்தியர். எழுதியது ஒரே ஒரு புத்தகம். ஆகவே எல்லா வழியும் எனக்குத் தெரியாது. நான் பிழைவிட்டுத் திருந்திய ஒரு விடயத்தை மட்டும் சொல்கிறேன். நம் கையெழுத்துப் பிரதிக்கு அருகில் நிற்கக்கூடிய, ஏற்கெனவே வெளிவந்த நூல்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே அது.

நான் எழுதியது மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றி. 280 பக்கம், படங்களும் அட்டவணைகளும் வேறு. கொழும்பில் உள்ள ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினேன். கடிதத்தின் முதல் வரியே, "தமிழில் இப்படியொரு நூல் இதுவரை வந்ததில்லை" என்பதுதான். பெருமையோடு எழுதிய வரி.

இரண்டு கிழமையில் அவர் தொலைபேசியில் கதைத்தார். "டொக்டர், இப்படியொரு நூல் இல்லை என்கிறீர்கள். தேடிப் பார்த்துச் சொல்கிறீர்களா, தேடாமல் சொல்கிறீர்களா? தேடியும் இல்லையென்றால், எழுத ஆள் இல்லாததால் இல்லையா, வாங்க ஆள் இல்லாததால் இல்லையா? கடைக்காரர் இதை எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைப்பார்? இதற்கெல்லாம் பதிலோடு வாருங்கள், பிறகு பேசுவோம்."

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அந்தப் புத்தகத்தை நான் சந்தைக்காக எழுதவில்லை, என் உம்மாவுக்காக எழுதினேன். உம்மாவுக்கு மாதவிடாய் நின்று ஏழெட்டு வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் இரத்தம் பட்டது. ஏழு மாதம் அதை யாரிடமும் சொல்லவில்லை. வைத்தியரான மகளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னபோது கருப்பைப் புற்றுநோய் பரவியிருந்தது. உம்மா மௌத்தாகி மூன்று வருடமாகிறது. மாதவிடாய் ஒரு வருடம் முழுதாக நின்ற பின் ஒரு துளி பட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் பாரதூரமான காரணம் இருக்காது. ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான். இந்த ஒரு விடயம் வீடு வீடாகப் போய்ச் சேர வேண்டும் என்றே எழுதினேன்.

கோபம் ஆறிய பிறகு யோசித்தேன். வீடு வீடாகப் போக வேண்டிய புத்தகம் யார் வீட்டுக்கு, எந்த வழியால், எந்த விலையில் போகும் என்று நான் ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை. அவருடைய கேள்வி நியாயமான கேள்விதான். தேடத் தொடங்கினேன்.

முதலில் 'நூல்தேட்டம்'. இலங்கைத் தமிழ் நூல்களின் விபரப் பட்டியல் இது. நூலகவியலாளர் என். செல்வராஜா இலண்டனில் இருந்துகொண்டு தொகுத்து வருவது. முதல் தொகுதி 2002 இல் வந்தது. தொகுதிக்கு ஆயிரம் நூல்கள், துறைவாரியாக. ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை, விலை, அளவு, சிறு குறிப்பு எல்லாம் இருக்கும். நம் நூலின் உறவுகளைத் தேடுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? யார் வெளியிட்டார், எத்தனை பக்கம், எவ்வளவு விலை, எந்த ஊரில் அச்சானது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்தது 'நூலகம்' எண்ணிம நூலகம். 2005 முதல் இயங்குவது. இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் வீட்டில் இருந்தபடியே இலவசமாகத் திறந்து வாசிக்கலாம். வெளிநாட்டில் இருந்து இம்மலரை வாசிக்கும் ராத்தாமாருக்கு இது பெரிய வசதி. மூன்றாவதாக, நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம். நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி சேர வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. வத்தேகம பஸ்ஸில் கண்டிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் எடுத்து எத்தனையோ தடவை மருத்துவ பீடத்துக்குப் போன எனக்கு, அந்தத் தமிழ்ப் பகுதி அவ்வளவு பெரிது என்று நாற்பது வயது கடந்த பிறகுதான் தெரிந்தது.

தேடத் தேட ஒன்று விளங்கியது. கலியாணத்துக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் "யாருடைய பிள்ளை, யாருக்குச் சொந்தம்?" என்று விசாரிப்பதுபோலத்தான் புத்தகத்தையும் விசாரிக்கிறார்கள். சொந்தபந்தம் இல்லாத பிள்ளை என்றால் தயங்குவார்கள். அந்தச் சொந்தத்தை நான் மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்.

ஒன்று, பொருளால் சொந்தம். பெண்ணின் உடலைப் பற்றிய தமிழ் நூல் புதிதல்ல. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். பிரசவ வைத்தியம் பற்றிய ஓர் ஆங்கில நூலை அவர் 1857 இலேயே தமிழில் கொண்டு வந்துவிட்டார். "இதுவரை வந்ததில்லை" என்று எழுதிய எனக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. ஆனால் அது வைத்திய மாணவர்களுக்கான நூல், வீட்டுப் பெண்ணுக்கானதல்ல. பொருளால் நெருக்கம், வாசகரால் தூரம்.

இரண்டு, வாசகரால் சொந்தம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த செ. சிவஞானசுந்தரம், 'நந்தி' என்ற பெயரில் எழுதியவர். தோட்ட மக்களைப் பற்றிய 'மலைக்கொழுந்து' நாவலால் மலையகத்தில் பலருக்கும் அவரைத் தெரியும். அவரே 'அருமைத் தங்கைக்கு' என்ற நூலையும் எழுதினார். தலைப்பிலேயே வாசகி யார் என்று சொல்லிவிட்டார், பாருங்கள். டொக்டர் எம்.கே. முருகானந்தனின் 'தாயாகப் போகும் உங்களுக்கு' என்ற தலைப்பும் அப்படித்தான். என் நூலின் தலைப்போ ஒரு பரீட்சைத் தாளின் தலைப்புப்போல் இருந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். நான் கண்ட நூல்களில் பெரும்பாலானவை தாயாவதோடும் பிள்ளை வளர்ப்பதோடும் நின்றுவிட்டன. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்தத் தாய்க்கு என்ன நடக்கிறது என்பதற்குப் பக்கங்கள் மிகக் குறைவு. என் நூலுக்கான இடம் அந்த இடைவெளிதான்.

மூன்று, வடிவால் சொந்தம். டேவிட் வேர்னர் மெக்சிகோவின் மலைக் கிராமங்களுக்காக ஸ்பானிய மொழியில் எழுதிய நூல், ஆங்கிலத்தில் 1977 இல் வந்து உலகம் முழுவதும் போனது. தமிழிலும் 'டாக்டர் இல்லாத இடத்தில்' என்று வந்திருக்கிறது. அதில் மாதவிடாய் நிற்பது சிறு பகுதி மட்டுமே. ஆனால் சின்ன வசனம், நிறையப் படம், "எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்" என்ற தெளிவு ஆகியவற்றை அங்கே கற்றேன்.

"என்னுடையது முற்றிலும் புதியது, சொந்தமே கிடையாது" என்று யாராவது நினைத்தால் நம் கண்டி மண்ணின் அறிஞர் சித்திலெப்பையை நினைத்துப் பாருங்கள். பெண்பிள்ளைகளின் கல்விக்காகவும் உழைத்தவர். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படும் அவருடைய 'அசன்பேயுடைய கதை' 1885 இல் வந்தது. அதற்கு ஆறு வருடம் முன்பே, 1879 இல், தமிழகத்தில் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்துவிட்டது. முதலாவது என்று சொல்லப்படும் நூலுக்கே ஒரு மூத்த சொந்தம் இருக்கிறது. அதனால் அதன் பெருமை குறையவில்லை.

ஆனாலும் பதிப்பாளரின் ஒரு கேள்வி பாக்கி இருந்தது: வாங்க ஆள் இருக்கிறதா? அதற்கு எந்த நூலகத்திலும் பதில் கிடைக்கவில்லை. மடவளையில் எங்கள் வீட்டில், உம்மாவின் அலுமாரியில் கிடைத்தது. புடைவைகளுக்கு அடியில் ஒரு சமையல் குறிப்புக் கொப்பி. அதன் பின்பக்கங்களில் ஞாயிறு பத்திரிகைகளில் வரும் வைத்தியர் கேள்வி பதில்களை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோவு, கண்ணில் படலம். சிலவற்றின் கீழே பேனையால் கோடு. பக்கம் பக்கமாகத் தேடினேன். இரத்தம் படுவதைப் பற்றி ஒரு துண்டுகூட இல்லை.

அன்று அலுமாரிக்கு முன்னால் தரையில் இருந்து அழுதேன். உம்மா வெட்கத்தால் மறைத்தார் என்று அதுவரை நினைத்திருந்தேன். வெட்கம் இருந்திருக்கும். ஆனால் அவர் தேடி வாசிக்கிற மனுஷி. வாசிக்க அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. வாங்க ஆள் இருந்தது, புத்தகம்தான் இருக்கவில்லை.

அந்தக் கொப்பியும் என் நூலுக்குச் சொந்தம்தான். அதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் பிரதியைப் பிரித்துப் போட்டேன். 280 பக்கம் 96 ஆனது. அத்தியாயங்கள் கேள்வி பதிலாயின. எழுத்து பெரிதாயிற்று. கைப்பைக்குள் அடங்கும் அளவு. அட்டையில் கருப்பைப் படம் வேண்டாம், ஒரு தேநீர்க் கோப்பை போதும் என்று முடிவு செய்தேன். மேசையில் கிடந்தால் மருமகன் கண்டாலும் கூச்சம் வராது. சுகவனிதையர் கிளினிக் பற்றி முதல் பக்கத்திலேயே எழுதினேன். 1996 இல் இருந்து நாட்டில் நடக்கும் கிளினிக் அது. 35, 45 வயதுகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை அங்கே இலவசம். எத்தனை பேர் போகிறோம்?

பதிப்பாளருக்கு மறுபடியும் எழுதினேன். இம்முறை பெருமை வரி இல்லை. ஐந்து நூல்களின் பெயர், ஆண்டு, பக்கம், விலை. ஒவ்வொன்றுக்கும் கீழே, "இது இன்ன வகையில் சொந்தம், இன்ன இடத்தில் என் நூல் வேறு" என்று ஒரு வசனம். கடைசியில் உம்மாவின் கொப்பியைப் பற்றி நான்கு வரி. அவர் ஒப்புக்கொண்டார். முதலில் ஐந்நூறு பிரதி. கடைகளோடு மட்டும் நிற்காமல் தாய்மார் சங்கங்களிலும் கிளினிக் நாட்களிலும் விற்போம் என்று அவரே வழி சொன்னார்.

எழுதி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மூன்று முதல் ஐந்து நூல் போதும். அவற்றில் இரண்டாவது சமீப வருடங்களில் வந்ததாக இருக்கட்டும், ஏனென்றால் விலையும் வாசகர் ரசனையும் மாறிக்கொண்டே இருக்கும். இலட்சக்கணக்கில் விற்ற நூலைக் காட்டி "இதுபோல" என்று சொல்லாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொருவருடைய நூலைக் குறை சொல்லி உங்களுடையதை உயர்த்தாதீர்கள். இரண்டாம் பதிப்பு கண்ட நூல் எது என்று பாருங்கள், வாசகர் தேடி வாங்கியதற்கு அது சாட்சி. கடைக்குப் போய் அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணால் காணுங்கள். உதாரணமாக, டோஹாவில் இருந்துகொண்டு நம் ஊர்ச் சமையலை எழுதும் ஒரு தங்கைக்கு, சமையல் புத்தகங்கள் மட்டுமல்ல, ஊர் நினைவுகளைச் சொல்லும் நூல்களும் சொந்தமாகலாம். மாணவர் கட்டுரைகளைத் தொகுக்கும் ஓர் ஆசிரியைக்கு, பக்கத்து ஊரான உடதலவின்னையில் இருந்து மர்ஹூம் புன்னியாமீன் அவர்கள் 'சிந்தனை வட்டம்' மூலம் வெளியிட்ட நூல்வரிசையே ஒரு பாடம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வாசகி இப்போது எதை வாசிக்கிறார் என்று பாருங்கள். அவருடைய அலுமாரியில், சமையல் கொப்பியில், கைத்தொலைபேசியில் என்ன சேர்த்து வைத்திருக்கிறார்? உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை.

போகும்போது வாசலில் உள்ள மேசையில் என் நூல் இருக்கிறது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, முதல் பக்கத்தை வாசித்துவிட்டுப் போங்கள். 35 அல்லது 45 வயதில் இருப்பவர்கள், போகும் வழியில் எம்.ஓ.எச். அலுவலகத்தில் கிளினிக் நாள் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.