கரப்பான் நோயும் நம் கடமையும்

(சங்க வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் தோல் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கருதக்கூடும். கைவிரல்களில் வெடிப்பும் கசிவும் கண்ட மாணவன் பேனாவைப் பிடிக்க இயலாமல் தவிக்கிறான். இரவெல்லாம் சொறிந்து உறக்கமிழந்த சிறுமி வகுப்பில் கண்ணயர்கிறாள். அருகிலிருப்போர் விலகி அமர்வதைக் கண்டு பள்ளியையே வெறுக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே இதுவும் கல்விச் சங்கம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருளே ஆகும்.

கரப்பான் என்று நாம் வழங்கும் நோயையே மருத்துவர்கள் எக்சிமா என்பர். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. நோயுற்றவரைத் தொட்டாலும், அவர் உண்ட தட்டில் உண்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் அது பரவாது. தொட்டால் தீட்டு என்று நம் முன்னோரை விலக்கி வைத்த மண் இது. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேச அறிவிப்பு 1936 நவம்பர் 12ஆம் நாள்தான் வந்தது. அந்த வேதனையை அறிந்த நாமே, கரப்பான் கண்ட நம் குழந்தைக்குத் தனித் தம்ளர் வைக்கலாமா? சிந்தித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

இந்நோய் எதனால் வருகிறது? கெட்ட இரத்தத்தால் அன்று; அழுக்கால் அன்று; முற்பிறவிப் பாவத்தாலும் அன்று. நம் தோல் குளத்துக்கரை போன்றது. கரையில் விரிசல் கண்டால் நீர் கசிந்து வெளியேறும். அதுபோலத் தோலின் மேலடுக்கு நெகிழ்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. புறத்திலுள்ள தூசும் சோப்பும் கிருமியும் உட்புகுந்து அரிப்பையும் அழற்சியையும் உண்டாக்குகின்றன. ஃபிலாக்ரின் என்னும் புரதத்தை உருவாக்கும் மரபணுவிலுள்ள குறை இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்தவர்களும் கண்டறிந்தனர். ஆஸ்துமாவும் ஓயாத தும்மலும் உள்ள குடும்பங்களில் இது மிகுதியாகத் தோன்றுவதும் பரம்பரைத் தொடர்பினாலேயே.

மற்றொரு வகை, தொழிலால் வருவது. இதில் நாம் தனிக் கவனம் செலுத்த வேண்டும். நம் மாவட்டத்து முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை அதன் தோட்டு எண்ணெய் அரித்துவிடுகிறது. முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அறிந்தால் இதில் வியப்பில்லை. கொத்து வேலை செய்வோரைச் சிமெண்டிலுள்ள குரோமிய உப்பு தாக்குகிறது. ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலமும், துப்புரவுப் பணியில் கையாளும் மருந்துநீரும் இத்தகையனவே. கை கெட்டால் கூலி இல்லை. கூலி இல்லையேல் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடுகிறது.

நம் நூல்களிலும் சுவரொட்டிகளிலும் "தோல் சிவந்து காணப்படும்" என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். வெள்ளையர் தோலைக் கண்டு எழுதியது அது. நம் கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. கருமை, சாம்பல் நிறம், சிறு சிறு முடிச்சு, தடிப்பு ஆகியனவே தென்படும். சிவப்பு இல்லை என்று எண்ணி நோயை அலட்சியம் செய்யலாகாது. நோய் தணிந்தபின் எஞ்சும் கருந்தழும்பு பெரும்பாலும் சில மாதங்களில் தானே மங்கும். அதற்காகச் சிவப்பழகுக் களிம்பு வாங்கிப் பூச வேண்டியதில்லை.

அரிப்பதெல்லாம் கரப்பானும் அன்று. இரவில் அரிப்பு மிகுந்து, வீட்டில் பலருக்கும் விரலிடுக்கில் கொப்புளம் கண்டால் அது பெரும்பாலும் சிரங்கு, அது தொற்றும், வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வட்டமாகப் படர்வது படர்தாமரையாக இருக்கலாம். உணர்ச்சியற்ற தேமல் கண்டால் தாமதியாமல் தொழுநோய்ச் சோதனை செய்ய வேண்டும். அதற்குரிய கூட்டு மருந்து அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. அந்நோய் முற்றிலும் குணமாகும்.

நாம் அறிந்த தாய் ஒருவர், கைக் கரப்பானுக்காகக் கடையில் ஒரு களிம்பு வாங்கி இரண்டாண்டு காலம் பூசினார். பூசினால் அடங்கும்; விட்டால் முன்னிலும் மிகுதியாக எழும். இறுதியில் தோல் மெலிந்து காகிதம்போல் ஆயிற்று. அதிலிருந்தது வீரியம் மிக்க ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு விஷமன்று, மருத்துவர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாள்வரை பூசினால் நல்ல மருந்தே. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதற் கணுவரை பிதுக்கிய களிம்பு இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்திற்குப் போதும். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளுக்கு நடுவண் அரசு 2018இல் தடை விதித்ததன் காரணத்தை இத்தாயின் கைகளே நமக்கு உணர்த்தும்.

அன்றாடம் செய்யத்தக்கவை எளியவை. இளஞ்சூட்டு நீரில் விரைவாகக் குளித்து, ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசுக. சோப்பைக் குறைக்க. நகத்தை ஒட்ட வெட்டுக. பருத்தி ஆடை அணிக. வேலையின்போது துணிக் கையுறையின் மேல் ரப்பர் கையுறை அணிக. கரப்பான் பண்டம் என்று சொல்லி வளரும் குழந்தைக்கு மீனையும் முட்டையையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டா. ஐயமிருப்பின் மருத்துவரிடம் கேட்டறிக.

இரண்டு மூன்று வாரங்களில் தணியாவிட்டாலும், முகத்திலோ உடல் முழுவதிலோ பரவினாலும், தொழிலால் வந்ததென்று ஐயுற்றாலும் தோல் நோய் வல்லுநரை நாடுக. சீழ், காய்ச்சல், வலியுள்ள கொப்புளக் கூட்டம் ஆகியவை கண்டால் அன்றைக்கே செல்க. 2001இல் தொடங்கிய கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஆசாரிபள்ளத்தில் நமக்காகவே இருக்கிறது. எப்பொருள் ஒவ்வவில்லை என்பதை அறிய முதுகில் ஒட்டுச் சோதனை செய்வதுண்டு. 48 மணி நேரம் கழித்து எடுத்து, பின்னும் இரண்டொரு நாளில் மீண்டும் பார்ப்பர். அதுவரை முதுகை நனைக்கலாகாது. செல்லும்போது இதுவரை பூசிய களிம்பு, விழுங்கிய மாத்திரை, செய்யும் வேலை அனைத்தையும் மறையாமல் கூறுக. பழைய களிம்புக் குழாயையும் கையோடு கொண்டு செல்க. கடும் நோய்க்கு ஒளிச் சிகிச்சையும் வேறு மருந்துகளும் உள்ளன. இது திரும்பத் திரும்ப வரக்கூடிய நோய். ஆயினும் கட்டுக்குள் வைக்கக்கூடிய நோய்.

இளைஞர்களே! மருத்துவமனைச் சீட்டை எழுதவும், வரிசையில் நிற்கவும், மருத்துவர் சொல்வதைக் கேட்டு விளக்கவும் உங்கள் படிப்பு பயன்படட்டும். ஒவ்வோர் ஊரிலும் இருவர் முன்வந்து, தயங்கி நிற்கும் தாய்மாரை ஆசாரிபள்ளம் வரை அழைத்துச் சென்றால், இருபத்தைந்தாண்டுக் கல்விப் பணியின் பயன் அதுவே ஆகும். அத்துடன், இன்று வீடு திரும்பியதும் தனித் தம்ளர் இருக்குமானால் அதை மற்றத் தம்ளர்களோடு சேர்த்து வைக்குமாறு அன்புடன் வேண்டி அமைகிறோம்.