தோல்வியில் முடியும் கதையை ஏன் படிக்க வேண்டும்?

(ஒரு படிப்பு வட்டத்தின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. முப்பத்தி நான்கு வருஷம் ஸ்பின்னிங் பகுதியில் நின்றவன். அந்த இரைச்சலில் பாதிக் காது போய்விட்டது. ஆகவே நான் உரக்கப் பேசினால் கோபத்தில் பேசுவதாக எண்ணிவிட வேண்டாம்.

போன மாதம் நமது படிப்பு வட்டத்தில் ஒரு சம்பவம் நடந்தது. பாதி நாவலில் ஓர் இளம் தோழர் எழுந்தார். “பகலெல்லாம் படுகிற பாடு போதாதா? ராத்திரியும் உட்கார்ந்து அழ வேண்டுமா? மனசுக்குத் தெம்பு தருகிற புத்தகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போனவர் இன்றுவரை திரும்பி வரவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. ஏனென்றால், நாற்பது வருஷங்களுக்கு முன்னால் நானும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு இதே போல எழுந்து போனவன்தான். அந்த விஷயத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

சங்க ஆபீஸ் வராந்தாவில்

அப்போது எங்கள் மில்லில் வேலைநிறுத்தம். நாலு சைடு பார்த்தவனை ஆறு சைடு பார்க்கச் சொன்னார்கள். “கூலியில் கை வைக்கவில்லையே, ஏன் கத்துகிறீர்கள்?” என்று நிர்வாகம் கேட்டது. எங்கள் பகுதியில் வீடு வீடாகப் போய் ஆட்களைத் திரட்டியவர்களில் நானும் ஒருவன். “பத்தே நாள், பணிந்து வருவார்கள்” என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன்.

பத்து நாள் இருபது நாளாயிற்று. மாலை நேரத்தில் சங்க ஆபீஸ் வராந்தாவில் கூடுவோம். பக்கத்துக் கிராமத்து விவசாயத் தொழிலாளர்களும் வருவார்கள். எங்களுக்காக ஆளுக்கு ஒரு படி அரிசி கொண்டு வந்து கொட்டியவர்கள் அவர்கள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாரா பாராவாகத் தமிழில் சொல்லுவார். பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலா 1885-ல் வெளியிட்ட ‘ஜெர்மினல்’ என்ற நாவல் அது.

அது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் கதை. பிரான்சின் வடக்கே மஹூ என்று ஒரு குடும்பம். தாத்தா, அப்பன், அம்மா, ஏழு பிள்ளைகள். ஆக மொத்தம் பத்து வயிறு. தாத்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. எட்டு வயது ஆகும் முன்பே சுரங்கத்தில் இறங்கியவர். இருமினால் கறுப்பாகத் துப்புவார். சுரங்கத்தை விட்டு வெளியே வந்து வருஷங்கள் ஆகியும் நெஞ்சில் இருக்கும் கரி தீரவில்லை!

ஆசிரியர் இதைச் சொன்னதும், எங்கள் கார்டிங் பகுதிப் பெரியவர் ஒருவர் இரும ஆரம்பித்தார். அவர் துப்பினால் வெள்ளையாக வரும். பஞ்சு. யாரும் ஒன்றும் பேசவில்லை. எந்தத் தேசத்துக் கதையோ என்று சுவரில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அந்தச் சுரங்கக் கம்பெனியும் கூலியைக் குறைத்தோம் என்று சொல்லவில்லை. சுரங்கத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கும் வேலைக்குத் தனிக் கூலி தருகிறோம், அதற்குப் பதிலாக ஒரு தொட்டிக் கரிக்குக் கொடுத்த 50 சாந்தீமை 40 சாந்தீமாக்குகிறோம் என்றது. கணக்குப் பார்த்தால் தொழிலாளிக்கு நஷ்டம். “ஆறு சைடு!” என்று எங்களில் ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தோம். அந்த நாவலைக் கேட்டு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆசிரியர் நிறுத்திய இடம்

அந்த ஊரில் ஒரு மளிகைக் கடைக்காரன். கம்பெனியின் தயவில் கடை நடத்துகிறவன். கடன் கேட்டு வரும் வீட்டின் பெண்களைத் தன்னிடம் அனுப்பினால்தான் கடனை நீட்டிப்பான். இந்தக் கட்டம் வந்ததும் ஆசிரியர் புத்தகத்தை மூடி, “இதை விட்டுவிட்டு மேலே போகலாம், தாய்மார்கள் இருக்கிறார்கள்” என்றார்.

ரீலிங் பகுதியில் வேலை பார்த்த ஓர் அக்கா எழுந்தார். அதுவரை கூட்டத்தில் வாய் திறந்தே அறியாதவர். “ஏன் சார் நிறுத்துறீங்க? எங்களுக்குத் தெரியாததா அதில் எழுதியிருக்கு? வெளியில் சொன்னால் எங்களுக்குத்தான் அவமானம் என்று இத்தனை நாள் வாயை மூடி வைத்தார்கள். அந்தத் தேசத்தில் ஒரு மனுஷன் அதைப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறானே, படியுங்கள்” என்றார்.

நடவுக்குப் போகும் பெண்கள் தலையாட்டினார்கள். ஆசிரியர் படித்தார். எங்களுக்கு, ஆண்களுக்கு, தலை நிமிரவில்லை. எங்கள் கோரிக்கைப் பட்டியலில் பெண்களுடைய குறை ஒன்றுகூட இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் அந்த அக்காவைக் கமிட்டிக் கூட்டத்துக்கு அழைத்தோம்.

இன்னொரு தோழர் ஆட்சேபித்தார். இந்த ஜோலா தொழிலாளிகளைக் குடிகாரர்களாகவும் பெண்டாட்டியை அடிப்பவர்களாகவும் காட்டுகிறாரே, முதலாளி படித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பான் என்றார். அதற்கும் அந்த அக்காதான் பதில் சொன்னார்: “முதலாளி நினைப்பது இருக்கட்டும். நீ நேற்று குடித்தாயா இல்லையா?”

நான் எழுந்து போன இரவு

கதையில் வேலைநிறுத்தம் நீண்டது. கம்பெனி பெல்ஜியத்திலிருந்து கருங்காலிகளை இறக்கியது. மஹூவின் சின்னப் பெண்களில் ஒருத்தி, கூன் விழுந்த குழந்தை, பசியிலும் குளிரிலும் செத்தது. பிறகு பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. மஹூ விழுந்தான்.

அந்த இடத்தில் நான் எழுந்தேன். “போதும் சார். நாம் தோற்கப் போகிறோம் என்று சொல்லுவதற்கா இந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்தீர்கள்?” என்று கத்திவிட்டு வெளியே போனேன். அன்று எங்கள் போராட்டம் நான்காவது வாரம். என் பேச்சை நம்பி வெளியே வந்த பக்கத்து வீட்டுக்காரர், அன்று காலையில்தான் சம்சாரத்தின் கம்மலை அடகு வைத்திருந்தார். நான் ஆசிரியரிடம் காட்டிய கோபம், உண்மையில் என்மேலேயே எனக்கு இருந்த பயம். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாங்கள் தோற்றோம். ஆறு சைடுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கேட்டுக்குள் நுழைந்தோம். சங்கு ஊதியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் நான் சங்க ஆபீஸ் பக்கம் போகவில்லை. தெருவில் பக்கத்து வீட்டம்மாவின் வெறுங்காதைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுவேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் கால்கள் தாமாகவே ஆசிரியர் வீட்டுக்குப் போயின. “அந்தக் கதையில் மிச்சம் என்ன சார்?” என்று கேட்டேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பாயை விரித்தார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மிச்சத்தைச் சொன்னார்.

மிச்சமும் இருட்டுத்தான். சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மூத்த மகளும் மூத்த மகனும் மாண்டார்கள். புருஷனையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்த மஹூவின் மனைவி, மிஞ்சிய பிள்ளைகளுக்காகத் தானே அதே சுரங்கத்தில் வேலைக்கு இறங்கினாள். திரும்ப வேலைக்குப் போகிறவனைக் கழுத்தை நெரிப்பேன் என்று ஒரு காலத்தில் சொன்னவள் அவள்! வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்திய எத்தியேன் என்ற வாலிபன் ஊரை விட்டுப் போகுமுன் அவளைப் பார்க்க வருகிறான். அவள் என்ன சொல்லுவாளோ என்று எனக்கு வயிறு கலங்கியது. அவள் அவனைப் பழிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றாள்.

தோழர்களே, எங்கள் அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. அன்று சாயங்காலம் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவிடம், “என் பேச்சைக் கேட்டுத்தானே உங்களுக்கு இந்தக் கதி” என்றேன். அவர், “நீயா தம்பி ஆறு சைடு போடச் சொன்னாய்? உட்கார், கஞ்சி குடி” என்றார். மறுநாள் நான் சங்க ஆபீசுக்குப் போய் விளக்கைப் போட்டேன்.

ஜோலா கற்பனையில் மட்டும் எழுதவில்லை. 1884-ல் வட பிரான்சில் ஆன்சான் சுரங்கத் தொழிலாளிகள் 56 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் அங்கே நேரில் போனார். சுரங்கத்துக்குள் இறங்கினார். அந்த வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் அது நடந்துகொண்டிருந்தபோதே, 1884 மார்ச் மாதத்தில், பிரான்சில் தொழிற்சங்கம் வைக்கச் சட்டபூர்வமான உரிமை வந்தது. தோற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினாலும் காலம் அங்கேயே நின்றுவிடவில்லை. ஜெர்மினல் என்பது பிரெஞ்சுப் புரட்சி தந்த பஞ்சாங்கத்தில் விதை முளைவிடும் மாதத்தின் பெயர். 1902-ல் பாரிஸில் ஜோலாவின் இறுதி ஊர்வலத்தில் நடந்து போன சுரங்கத் தொழிலாளிகள், “ஜெர்மினல்! ஜெர்மினல்!” என்று முழங்கினார்கள். தங்கள் தோல்வியை எழுதிய புத்தகத்தின் பெயரையே அவர்கள் கோஷமாக்கிக் கொண்டார்கள்!

சிகாகோ இறைச்சிக் கதை

பிற்பாடு இன்னொரு நாவலும் படித்தோம். அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்கிளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’. சிகாகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளின் கதை. 1904-ல் அவர் ஏழு வாரம் அங்கே தங்கித் தொழிலாளிகளோடு பழகினார். 1905-ல் ஒரு சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகையில் அது தொடராக வந்தது, 1906-ல் புத்தகமாயிற்று. லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளி. அவன் மனைவி பிரசவத்தில் சாகிறாள். குழந்தை தெருவில் தேங்கிய தண்ணீரில் மூழ்கிச் சாகிறது.

அதைப் படித்த பணக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் தட்டில் இருக்கும் இறைச்சியில் என்ன கலந்திருக்கிறதோ என்று பதறினார்கள். அந்த வருஷம் ஜூன் மாதமே இறைச்சிச் சோதனைக்கும் உணவுக் கலப்படத்துக்கும் இரண்டு சட்டங்கள் வந்தன. நல்ல சட்டங்கள்தான். ஆனால் கத்தி பிடித்தவனின் கூலிக்கும் விரலுக்கும் ஒரு வரி இல்லை! ஜனங்களின் நெஞ்சுக்குக் குறி வைத்தேன், அது வயிற்றில் போய் விழுந்துவிட்டது என்று சிங்கிளேரே பின்னால் சொன்னார்.

புத்தகம் ஒன்றுதான். படிப்பவன் எங்கே நிற்கிறானோ அங்கேயிருந்துதான் அது அவனுக்குத் தெரிகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட புத்தகங்களை அவர்கள் மட்டும் படிக்க விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன். சிங்கிளேர் கதையின் முடிவில் நம்பிக்கை தரும் பிரசங்கங்கள் நிறைய வருகின்றன. அவற்றில் சொல்லும் கொள்கையில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களைக் கேட்டபோது எங்கள் வராந்தாவில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மஹூவின் மனைவி பேசாமல் கை பிடித்த இடத்திலோ ஒருவரும் தூங்கவில்லை. தெம்பு எங்கிருந்து வருகிறது என்று இளம் தோழர் யோசிக்கட்டும்.

நாம் செய்த தவறு

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. மனுஷன் மிருகம், எல்லாம் தலைவிதி, யாராலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி நிறுத்திவிடும் புத்தகங்களும் இருக்கின்றன. அப்படிச் சிலவற்றை நானே மூடி வைத்திருக்கிறேன். நல்ல புத்தகம் பசியைக் காட்டும்போது, அந்தப் பசியில் கொழுப்பவன் யார் என்பதையும் காட்டும். ஜெர்மினலில் மஹூவின் மனைவி குழந்தைகளை இழுத்துக்கொண்டு, சுரங்கப் பங்கின் லாபத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பெரிய வீட்டுக்கு உதவி கேட்டுப் போகிறாள். அவர்கள் பழந்துணி கொடுக்கிறார்கள், குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கிறார்கள், ஒரு காசு கொடுக்கவில்லை. கெட்ட மனிதர்கள் என்று சொல்ல முடியாது, அன்பாகத்தான் பேசுகிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் எந்தப் பிரசங்கத்திலும் வந்ததில்லை.

நாம் செய்த தவறு என்ன? படித்தோம், விளக்கை அணைத்தோம், கலைந்தோம். கனத்த நெஞ்சோடு ஒவ்வொருவரையும் தனியாக வீட்டுக்கு அனுப்பினோம். எனக்கும் அன்று அதுதான் நேர்ந்தது. இனிமேல் படித்து முடிந்ததும் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் கலைய வேண்டும். பெண்கள் முதலில் பேச வேண்டும். யாராவது எழுந்து போனால், மறுநாளே ஒருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மாதம் சும்மா இருந்தது என் குற்றம். நாளைக் காலை அந்தத் தோழர் வீட்டுக்கு நானே போகிறேன்.

வருகிற ஞாயிறு மாலை புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் படிக்க ஆரம்பிக்கிறோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன ஏழைப் பெண்ணின் கதை. அதுவும் இருட்டான கதைதான். எல்லோரும் வாருங்கள். முடிவுவரை இருந்து கேளுங்கள்.